பணம் வந்தால் குற்றம் குறையுமா?

சில வருடங்களுக்கு முன்னால் டவுன் பஸ்ஸில் என் போனை அடித்துவிட்டார்கள். சட்டைப் பையில் இருந்தது, இறங்கிப் பார்த்தால் இல்லை, அவ்வளவுதான். ஸ்டேஷனுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் நல்ல மனிதர், எனக்கும் சேர்த்து டீ சொன்னார். மனுவைப் படித்துவிட்டு, "தம்பி, இந்தத் திருடிட்டாங்கங்கிறதை எடுத்துடுங்க. பயணத்தின்போது தவறிவிட்டதுன்னு எழுதுங்க. சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன், அதை வச்சு அதே நம்பர்ல சிம் வாங்கிக்கலாம்" என்றார். நானும் வேறு தாள் வாங்கி அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் அது குற்றம். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ஆக, அந்த வருடத்துக் குற்றக் கணக்கில் என் போன் இல்லை. அரசின் கணக்குப்படி அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஒரு மறதிக்காரன் பயணம் செய்தான், திருடன் யாரும் ஏறவில்லை.

நாடுகளைக் குற்றத்தை வைத்து வரிசைப்படுத்தும் பட்டியல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரைட்டர்தான் நினைவுக்கு வருவார். "வறுமை ஒழிந்தால் குற்றம் தானாக ஒழியும்" என்று ஒரு கட்சி. "பணக்கார நாடுகளில்தான் குற்றம் அதிகம், ஸ்வீடனைப் பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் இன்னொரு கட்சி. இரண்டு பேரும் கையில் எண்ணோடுதான் வருகிறார்கள், அந்த எண் எந்த மேஜையில், யார் பேனாவில் பிறந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

ஸ்வீடனையே எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் தன் கணவன் ஒரு வருடத்தில் பல முறை தன்னை வன்கொடுமை செய்தான் என்று புகார் கொடுத்தால், அங்கே ஒவ்வொரு முறையும் தனித்தனிக் குற்றமாக எண்ணப்படும். 2005-லும் 2018-லும் சட்டத்தின் வரையறையையும் விரித்தார்கள், சம்மதம் இல்லாத உறவு எல்லாமே வன்கொடுமைதான் என்று ஆனது. எண் எகிறாமல் என்ன செய்யும்? நம் ஊரில் நேர் எதிர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு முறைப்படி ஒரே எஃப்.ஐ.ஆரில் நாலு குற்றம் இருந்தாலும் அதில் பெரிய குற்றம் ஒன்றுதான் எண்ணிக்கையில் ஏறும். வீடு புகுந்து கொள்ளையடித்துக் கொலையும் செய்தால் அது கொலை மட்டுமே. கேரளா பல வருடங்கள் குற்றப் பட்டியலின் மேல்பக்கத்திலும் பீகார் கீழேயும் இருந்ததற்குப் பெரிய காரணம், கேரளாவில் ஆள் படித்தவர், ஸ்டேஷனுக்குப் போகப் பயப்படாதவர், எஃப்.ஐ.ஆர். வாங்காமல் திரும்பாதவர் என்பதுதான்.

இதைவிட வேடிக்கை 2020. அந்த வருடம் இந்தியாவில் குற்றம் 28 சதவீதம் கூடியது என்று அறிக்கை வந்தது, பதிவான வழக்குகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்த வருடத்தில் யார் போய் என்ன குற்றம் செய்தது? பெரும்பாலும் ஊரடங்கை மீறிய வழக்குகள்தான், முக்கியமாக இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவு. அரசு அதிகாரியின் உத்தரவை மீறியதற்கான வழக்கு 2019-ல் நாடு முழுக்க 29 ஆயிரம் சொச்சம் இருந்தது, 2020-ல் 6 லட்சத்து 12 ஆயிரம் ஆனது. பால் வாங்க பைக்கில் போய் மாட்டியவரும் இ-பாஸ் இல்லாமல் மாவட்டம் தாண்டியவரும் அதில் குற்றவாளிகள். அதே வருடம் கொலைகள் 1 சதவீதம்தான் கூடியிருந்தன.

அதனால்தான் நாட்டுக்கு நாடு ஒப்பிட நினைப்பவர்கள் மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுக் கொலையை மட்டும் எண்ணுகிறார்கள். பிணத்தை "தவறிவிட்டது" என்று எழுத வைப்பது கொஞ்சம் கஷ்டம். ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகக் கணக்குப்படி 2021-ல் உலகில் 4 லட்சத்து 58 ஆயிரம் பேர் கொலையானார்கள், அதாவது லட்சம் பேருக்கு 5.8. அமெரிக்கக் கண்டங்களில் அது 15, ஆப்பிரிக்காவில் 12.7, ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் 2-க்குக் கொஞ்சம் மேலே. ஆசியாவும் ஐரோப்பாவும் பக்கத்தில் பக்கத்தில்! தலைக்குத் தலை வருமானத்தில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நாடு நாடாகப் பிரித்துப் பார்த்தால் "வறுமைதான் காரணம்" என்ற கதை இன்னும் ஆட்டம் காணும். நேபாளத்தில் ஒருவரின் சராசரி வருட வருமானம் 1,500 டாலர் அளவுதான், அங்கே கொலை விகிதம் லட்சத்துக்கு 2 அளவில்தான். ஜமைக்காக்காரர் நேபாளியைவிடப் பல மடங்கு வசதியானவர், அந்த நாட்டில் 2022-ல் விகிதம் 50-ஐத் தாண்டியது. தென்னாப்பிரிக்காவும் ஏழை நாடு இல்லை, 2022-23-ல் 27 ஆயிரத்துக்கும் மேல் கொலைகள், விகிதம் 45. உலகத்துக்கே பணக்கார அண்ணன் அமெரிக்காவில் அது நேபாளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் அரைக்கும் கீழே. இந்த எண்களை ஒரு தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால் நேர்கோடு கிடைக்காது, கோலம்தான் கிடைக்கும்.

சரி, வளர்ச்சிக்கும் குற்றத்துக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் "குற்றம்" என்று ஒற்றைச் சொல்லில் கட்டிவைத்திருக்கும் மூட்டையை முதலில் அவிழ்க்க வேண்டும். பொருளை எடுப்பது ஒரு கதை, ஆளை எடுப்பது வேறு கதை.

பொருளை எடுப்பது வளர்ச்சியோடு கூடவே வளரும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் இது பெரிய புதிராக இருந்தது: வேலை இருக்கிறது, சம்பளம் கூடுகிறது, பள்ளிப் படிப்பு பெருகுகிறது, ஆனால் அறுபதுகளில் திருட்டும் கொள்ளையும் கிடுகிடுவென்று ஏறுகின்றன. லாரன்ஸ் கோஹன், மார்க்கஸ் ஃபெல்சன் என்ற இருவர் 1979-ல் இதற்குக் கொடுத்த பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அவர்கள் திருடனின் மனசைத் தோண்டாமல் டிவியைத் தராசில் வைத்தார்கள். சியர்ஸ் என்ற கடையின் விலைப்பட்டியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், 1960-ல் அதிலிருந்த மிக லேசான டிவி 38 பவுண்டு, அதாவது 17 கிலோ. 1970-ல் 15 பவுண்டு, 7 கிலோகூட இல்லை. பதினேழு கிலோவைச் சுவரேறிக் குதித்துத் தூக்கிக்கொண்டு ஓட இரண்டு ஆள் வேண்டும், ஏழு கிலோவை ஒருவனே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவான். அதே காலத்தில் பெண்களும் வேலைக்குப் போனார்கள், பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள், பகலில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. திருட ஒருவன், திருடத் தக்க பொருள், காவலுக்கு ஆள் இல்லாத நேரம், இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் போதும் என்றார்கள். வளர்ச்சி இந்த மூன்றில் இரண்டைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தது.

திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருந்த வீட்டில் யார் நுழைவான்?

அப்புறம் அதே வளர்ச்சி பூட்டையும் கொண்டுவந்தது. கார்களில் சாவியின் சிப் பொருந்தாமல் எஞ்சின் ஓடாது என்ற ஏற்பாட்டை ஐரோப்பா 1998-ல் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது, கார் திருட்டு சரிந்தது. டிவி விலை விழுந்தது, திருடிக்கொண்டு போனாலும் வாங்க ஆள் இல்லை. பீரோ புல்லிங் கும்பல் பற்றிய செய்தி இன்னும் வருகிறது, ஆனால் பெரிய பணம் இப்போது பீரோவில் இல்லையே, போனில் இருக்கிறது. திருடனும் அங்கே போய்விட்டான். இங்கிலாந்து-வேல்ஸில் வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் குற்றக் கணக்கெடுப்பில், நடக்கும் குற்றங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் மோசடிதான். இந்தியாவில் 2024-ல் மட்டும் சைபர் மோசடியில் போன பணம் 22 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். இந்தத் தொழிலுக்கு ஆள் எங்கிருந்து வருகிறது என்பதிலும் வளர்ச்சியின் கோணல் தெரியும். மியான்மரில் குறைந்தது 1 லட்சத்து 20 ஆயிரம் பேரும் கம்போடியாவில் 1 லட்சம் பேரும் மோசடி முகாம்களில் அடைபட்டு வேலை வாங்கப்படுவதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் சொன்னது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பி விமானம் ஏறி, மியான்மர் எல்லை ஊரான மியாவாடியில் சிக்கி, 2022-ல் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்து இறங்கிய நம் பையன்களும் அதில் உண்டு. பட்டம், ஆங்கிலம், கணினி எல்லாம் தெரிந்த பிள்ளைகள். பட்டினிக்குத் திருடுகிறவன் என்ற பழைய படத்துக்குள் இவர்களை எப்படி அடைப்பது?

இனி ஆளை எடுக்கும் கதை.

காரி பெக்கர் என்ற பொருளாதார அறிஞர் ஒருநாள் ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வுக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். காரைத் தொலைவில் முறையாக நிறுத்தினால் நேரமாகும், தெருவில் தப்பாக நிறுத்தினால் அபராதம் விழலாம். மாட்டுவதற்கு எவ்வளவு வாய்ப்பு, மாட்டினால் எவ்வளவு அபராதம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டுத் தெருவிலேயே நிறுத்தினார். குற்றவாளியும் இப்படித்தானே கணக்குப் போடுவான் என்ற யோசனை அங்கே முளைத்து, 1968-ல் பெயர்பெற்ற கட்டுரை ஆனது. (அன்றைக்கு அவருக்கு அபராதம் விழவில்லை.) திருட்டு, வரி ஏய்ப்பு, சைபர் மோசடி எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் டாஸ்மாக் வாசலில் "என்னடா முறைக்கிற" என்று ஆரம்பித்துக் கத்திக்குத்தில் முடியும் கொலைக்கு எந்தக் கணக்கு? கொலைகளில் பெரும் பகுதி அப்படிப்பட்டதுதான், ஆணுக்கும் ஆணுக்கும் நடுவில், சின்ன வயதில், மானம், கடன், பெண், இடம், பழிக்குப் பழி என்று ஏதோ ஒன்றில் தொடங்குவது. உலகம் முழுக்கக் கொல்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஆண்கள், செத்தவர்களிலும் பத்தில் எட்டுப் பேர்.

இப்படிப்பட்ட கொலைக்கு வறுமை அவசியமே இல்லை என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டைவிட நல்ல சாட்சி கிடையாது. மானுவல் ஐஸ்னர் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளரின் குழு பதினான்காம் நூற்றாண்டின் பிண விசாரணைப் பதிவேடுகளைப் புரட்டிக் கணக்குப் போட்டது. அன்றைய ஆக்ஸ்ஃபோர்டில் கொலை விகிதம் லட்சத்துக்கு 60 முதல் 75 வரை. யார் கொன்றது என்று அடையாளம் தெரிந்த வழக்குகளில் முக்கால்வாசிப் பேர் பல்கலைக்கழக மாணவர்கள்! வீட்டை விட்டு வந்த பதினாலு முதல் இருபத்தொரு வயதுப் பையன்கள், பக்கத்தில் சாராயக்கடை, இடுப்பில் கத்தி, வடக்கத்திக்காரன் தெற்கத்திக்காரன் என்று ஊர்வாரியாகக் கட்சி. சென்னையில் "ரூட்டு தல" சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. இன்றைக்கு இங்கிலாந்தில் அந்த விகிதம் 1-ஐ ஒட்டி நிற்கிறது. நடுவில் இங்கிலாந்து பணக்கார நாடானது உண்மைதான், ஆனால் சரிவு தொழிற்புரட்சிக்கு ரொம்ப முன்னாலேயே தொடங்கிவிட்டது. பணம் வருவதற்கு முன்னால் நீதிமன்றம் வந்திருந்தது. தகராறு என்றால் கத்தியை எடுக்காமல் வழக்குப் போடலாம், போட்டால் தீர்ப்பு வரும், வந்த தீர்ப்பு நடக்கும் என்ற நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்வரைக்கும் இறங்கியது.

என் கட்சி இதுதான்: வளர்ச்சியின் பல முகங்களில் கொலையைக் குறைப்பது சம்பளமோ சாலையோ அல்ல, பஞ்சாயத்து யார் கையில் இருக்கிறது என்பதுதான். வாங்கிய கடனைத் திருப்பித் தராதவனை என்ன செய்வது, என் மனையில் வேலி போட்டவனை யாரிடம் சொல்வது, தங்கையைக் கிண்டல் செய்தவனை யார் கேட்பது என்ற கேள்விகளுக்குக் கோர்ட்டும் ஸ்டேஷனும் ஒழுங்காகப் பதில் சொன்னால் ஊரில் ரத்தம் குறையும். சொல்லாவிட்டால் கட்டப்பஞ்சாயத்து வரும், அதற்கு ஒரு தலைவன் வருவான், அவனுக்குப் போட்டியாக இன்னொருவன் வருவான்.

ரஷ்யாவில் இது நம் கண்முன்னாலேயே நடந்தது. சோவியத் ஒன்றியம் உடையும் நேரத்தில் அங்கே கொலை விகிதம் 14-ஐ ஒட்டி இருந்தது, 1994-ல் 30-ஐத் தாண்டிவிட்டது. பொருளாதாரம் நொறுங்கியதும் வோட்காவும் காரணங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து வியாபாரிகள் வாயில் புழங்கிய ஒரு சொல்லைப் பாருங்கள்: கிரீஷா. கூரை என்று பொருள். கடை வைத்திருக்கிறவனைப் பார்த்து "உனக்குக் கூரை யார்?" என்று கேட்பார்கள், அதாவது உன்னைக் காப்பாற்றும் ரவுடிக் கும்பல் எது என்று. தனியார் வியாபாரம் ஒரே நாளில் வந்துவிட்டது, ஒப்பந்தத்தை மீறியவனை இழுத்து வைத்துக் கேட்கும் கோர்ட்டு வரவில்லை. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் செத்தார்கள். இன்று அந்த விகிதம் பத்துக்கும் கீழே.

வெனிசுவேலா இதற்கு மறுபக்கம். 2003-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி அரசிடம் பணம் கொழித்தது, வறுமை பாதியளவுக்குக் குறைந்தது, வகுப்பறைகளும் மருத்துவர்களும் சேரிகளுக்குள் போனார்கள். அதே வருடங்களில் கொலை விகிதமும் ஏறிக்கொண்டே போனது, தொண்ணூறுகளின் கடைசியில் 20-ஐ ஒட்டி இருந்தது 2010-களின் தொடக்கத்தில் 50-ஐ ஒட்டி வந்துவிட்டது. போலீசும் கோர்ட்டும் சிறையும் அழுகிக்கொண்டிருந்தபோது பணம் மட்டும் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஈக்வடார் இன்னும் மோசம். 2017-19 வாக்கில் விகிதம் 6-7 இருந்த அமைதியான நாடு, 2023-ல் 45-ஐ எட்டியது. ஐந்தாறு வருடத்தில் வறுமை ஆறு மடங்கு கூடவில்லை, சமத்துவம் ஆறு மடங்கு குறையவில்லை. கூடியது கொக்கைன். உலகுக்கே வாழைப்பழம் அனுப்பும் குவாயாகில் துறைமுகத்தின் கன்டெய்னர்களில் பக்கத்துக் கொலம்பியாவிலும் பெருவிலும் விளைந்த சரக்கு ஏறத் தொடங்கியது. 2016 சமாதான ஒப்பந்தத்தின்படி கொலம்பியாவின் ஃபார்க் கொரில்லாக்கள் ஆயுதத்தைப் போட்டதும் எல்லையோரப் பாதைகளுக்கு எஜமான் இல்லாமல் போனது, சிறைக்குள் இருந்த கும்பல்கள் அந்த இடத்துக்கு மோதிக்கொண்டன. கடத்தல் தொழிலில் யாரும் யார்மீதும் வழக்குப் போட முடியாதல்லவா, அங்கே எல்லாத் தீர்ப்பும் துப்பாக்கியில்தான்.

ஏற்றத்தாழ்வைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். ஃபைன்சில்பர், லெடர்மேன், லோய்சா என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு, சராசரி வருமானத்தைவிட அது எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதுதான் கொலையோடும் வழிப்பறியோடும் ஒட்டிப் போகிறது என்று காட்டியது. ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீட்டில் 2014 கணக்குப்படி தென்னாப்பிரிக்கா 0.63, உலக வங்கிப் பட்டியலில் அப்போது அதற்கு மேல் யாரும் இல்லை. எல்லோரும் கூழ் குடிக்கும் ஊரில் கூழ் அவமானம் இல்லை. எதிர்ச் சுவருக்கு அந்தப்பக்கம் நீச்சல்குளம் தெரியும் ஊரில், ஒருவனிடம் மிச்சமிருக்கும் ஒரே சொத்து "என்னைப் பார்த்தால் பயப்படு" என்பதாகிவிடுகிறது, அதை அவன் உயிரைக் கொடுத்தும் காப்பாற்றுவான். இதில் எவ்வளவு பங்கு அவமானம், எவ்வளவு பங்கு போலீஸ் ஒரு பக்கம் மட்டும் காவல் நிற்பது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வரும் என்று மட்டும் தோன்றுகிறது.

வேலை கொடுத்தால் வன்முறை குறையுமா? சிகாகோவில் 2012 கோடையில் ஒரு சோதனை செய்தார்கள். வன்முறை அதிகமான பகுதிகளில் இருந்த 13 பள்ளிகளின் 1,634 பிள்ளைகளில் குலுக்கல் போட்டு ஒரு பகுதிக்கு எட்டு வாரத்துக்குப் பகுதிநேர வேலை, குறைந்தபட்சக் கூலி. பதினாறு மாதம் கழித்துப் பார்த்தால் வேலை பெற்றவர்கள் வன்முறை வழக்குகளில் கைதாவது 43 சதவீதம் குறைந்திருந்தது. சேரா ஹெல்லர் எழுதிய இந்த ஆய்வில் என்னை யோசிக்க வைத்தது வேறு: குறைவில் பெரும் பகுதி வேலை முடிந்து, சம்பளம் நின்று, பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிய பிறகு வந்தது. திருட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. கையில் காசு இருந்ததால் அடங்கினார்கள் என்றால் கோடையிலேயே அடங்கியிருக்க வேண்டும், திருட்டும் குறைந்திருக்க வேண்டும். மேலதிகாரி கத்தினால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கப் பழகியதுதான் கைகொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

வளர்ச்சி எட்டாத ஒரு மூலையும் உண்டு, அது வீட்டுக்குள். 2021-ல் கொலையான பெண்களில் 56 சதவீதம் பேரைக் கொன்றது கணவனோ காதலனோ குடும்பத்தாரோதான், ஆண்களில் அது 11 சதவீதம். ஜப்பான் மாதிரித் தெருக்கொலை ஏறக்குறைய ஒழிந்த நாட்டில் செத்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். தெரு அடங்கியபோது வீடு அதே வேகத்தில் அடங்கவில்லை. ஜப்பானைப் பற்றி இன்னொன்று, இது எண்ணைவிட மனதில் நிற்கும்: அங்கே பெண் கைதிகளில் ஐந்தில் ஒருவர் 65 வயது தாண்டியவர், பலர் கடையில் சின்னச் சின்னத் திருட்டுக்காக வந்தவர்கள். தனியாக இருக்க முடியாமல் உள்ளே வர விரும்பித் திருடிய பாட்டிகள்கூட உண்டு. அங்கே யாராவது பேசுவதற்கு இருப்பார்கள்.

கடைசியாக மெதெயின். கொலம்பியாவின் இரண்டாவது பெரிய நகரம், பாப்லோ எஸ்கோபாரின் ஊர். 1991-ல் அங்கே ஒரே வருடத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் கொலை, விகிதம் லட்சத்துக்கு 380 அளவில். எஸ்கோபார் 1993 டிசம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டும் சாவு நிற்கவில்லை, பள்ளத்தாக்கின் இரு சரிவுகளிலும் குடிசை போட்டு ஏறிய அகதிகளின் பேட்டைகளில் கொரில்லா, துணை ராணுவம் என்று அங்கே அழைக்கப்பட்ட சட்டவிரோதத் தனியார் ஆயுதப் படை, ரவுடிக் கும்பல் எல்லாம் கலந்து சண்டை. 2023-ல் அந்த நகரத்தில் கொலைகள் 400-க்கும் கீழே வந்துவிட்டன. நடுவில் நடந்ததை நகரத் திட்டக்காரர்கள் உலகம் முழுக்கப் பாடமாகச் சொல்கிறார்கள். 2004-ல் சாந்தோ தொமிங்கோ மேட்டுக்கு கேபிள் கார், பழனி ரோப் கார் மாதிரி கோயிலுக்குப் போகிறவர்களுக்கு அல்ல, மெட்ரோ டிக்கெட்டோடு இணைந்த அன்றாடப் போக்குவரத்து. செர்கியோ ஃபஹார்தோ என்ற கணித வாத்தியார் மேயராகி, நகரத்தின் அழகான கட்டடங்கள் ஏழைப் பகுதியில்தான் நிற்க வேண்டும் என்று பிடிவாதமாக நூலகங்கள் கட்டினார். 2011-ல் பதின்மூன்றாம் வட்டத்தின் செங்குத்துப் படிக்கட்டில் 384 மீட்டருக்கு நகரும் படிக்கட்டுகள். இதற்கெல்லாம் பணம் நகராட்சியின் சொந்த மின்சார-தண்ணீர் நிறுவனமான ஈ.பி.எம். ஊருக்குக் கொடுக்கும் லாபப் பங்கில் இருந்து வந்தது. கேபிள் கார் போன பேட்டைகளையும் அதே மாதிரியான, ஆனால் போகாத பேட்டைகளையும் ஒப்பிட்டு 2012-ல் ஓர் ஆய்வு வந்தது: போன இடங்களில் கொலை விகிதத்தின் வீழ்ச்சி 66 சதவீதம் அதிகம்.

இத்தோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதே வருடங்களில் இன்னொன்றும் நடந்தது. 2002 அக்டோபரில் ராணுவம் ஹெலிகாப்டரோடு பதின்மூன்றாம் வட்டத்துக்குள் இறங்கிக் கொரில்லாக்களை விரட்டியது. காலியான இடத்தில் உட்கார்ந்தது தோன் பெர்னா என்ற துணை ராணுவத் தாதா. நகரத்துக் கும்பல்கள் எல்லாம் அவன் ஒருவன் கைக்கு வந்ததும், என்னைக் கேட்காமல் யாரும் யாரையும் சுடக் கூடாது என்றான், சுடவில்லை. ஆட்சித்திறன் என்ற ஸ்பானியச் சொல்லோடு அவன் பெயரைக் கோத்து 'தோன்பெர்னாபிலிதாத்' என்று ஊர் மக்கள் கிண்டலாகச் சொன்னார்கள். 2008 மே மாதம் அவனை அமெரிக்காவுக்கு நாடு கடத்தினார்கள். வாரிசுச் சண்டை வந்தது, 2009-ல் கொலைகள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. கேபிள் கார் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எல் சால்வடோரில் இதே கேள்விக்கு முரட்டுப் பதில் ஒன்றைப் பார்க்கிறோம். 2015-ல் 100-ஐத் தாண்டியிருந்த விகிதம், 2022 மார்ச்சில் நெருக்கடி நிலை அறிவித்து எண்பதாயிரம் பேருக்கு மேல் பிடித்து உள்ளே போட்ட பிறகு, அரசுக் கணக்குப்படி 2023-ல் 2.4. சரிவின் பெரும் பகுதி அதற்கு முன்பே வந்துவிட்டது, 2021-லேயே 18 ஆகியிருந்தது. ஆனாலும் தெருவில் பயமில்லாமல் நடக்க முடிகிறது என்று அந்த ஊர் அம்மா ஒருத்தி சொன்னால், விசாரணை இல்லாமல் உள்ளே கிடக்கும் பையனின் அம்மா பக்கத்து வீட்டில் அழுவதைக் காட்டித்தான் நாம் பதில் பேச முடியும். வளர்ச்சி இல்லாமலேயே பஞ்சாயத்தைப் பிடுங்க முடியும் என்பதற்கு அது சாட்சி. பிடுங்கியவனிடம் யார் பஞ்சாயத்து கேட்பது என்பது அடுத்த கேள்வி.

மெதெயினில் இன்றும் 'கோம்போ' என்று சொல்லப்படும் பேட்டைக் கும்பல்கள் 350-க்கு மேல் இருக்கின்றன. கிறிஸ் பிளாட்மனும் அவருடைய கூட்டாளி ஆய்வாளர்களும் பல வருடம் அங்கே வேலை செய்து கண்டது தலைகீழாக இருந்தது: நகரத்துக்குள் வட்டங்களின் எல்லை மாறி அரசு அலுவலகம் பக்கத்தில் வந்த தெருக்களில் கும்பலும் கூடுதல் அக்கறையோடு பஞ்சாயத்து செய்தது. சண்டை சச்சரவு முற்றி போலீஸ் வந்தால் கஞ்சா, கொக்கைன் வியாபாரம் கெடுமே. கடைக்காரர்கள் வாராவாரம் கும்பலுக்குக் கட்டும் மாமூலுக்கு அங்கே 'வக்கூனா' என்று பெயர், தடுப்பூசி என்று அர்த்தம். சில பேட்டைகளில் அரேப்பா என்ற சோள ரொட்டியையும் முட்டையையும் கேஸ் சிலிண்டரையும் கும்பல் சொல்கிற ஆளிடம்தான் கடைக்காரர் வாங்க வேண்டும், விலையும் அவர்கள் சொல்வதுதான். காலையில் அந்த அரேப்பாவை வாங்கித் தின்றுவிட்டுக் கேபிள் காரில் ஏறி வேலைக்குப் போகிறார்கள் ஜனங்கள். யாரும் சாகவில்லை, யாரும் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்கவும் இல்லை.